பார்க்கிங் தகராறு: பறிபோகாத செயினைப் புகாரில் எழுதலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 34. போன வாரம் அப்பாவை இதயப் பரிசோதனைக்காக வேலூருக்குக் காரில் அழைத்து வந்தேன். அவரையும் தம்பியையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நானும் மனைவியும் பக்கத்தில் இருந்த கட்டணப் பார்க்கிங்குக்குப் போனோம். கத்திரி வெயிலில் முக்கால் மணி நேரம் சுற்றியும் இடம் கிடைக்கவில்லை. ஒரு வண்டி கிளம்புவதைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டுக் காத்திருந்தேன். எதிரில் வந்த கார் சட்டென்று அதில் நுழைந்துவிட்டது. இறங்கிப் போய்க் கேட்டேன். ஓட்டி வந்தவருக்கு 50 வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு முற்றி, என் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று விட்டேன். தடுமாறி சிமென்ட் கட்டையில் விழுந்ததில் அவருக்குப் புருவத்துக்கு மேல் 3 தையல். அவர் மகன் என் காரின் சைடு மிர்ரரை உடைத்துக் கதவையும் கீறிவிட்டான். ஒரு பையன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தான். அவர்கள் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதும் வாங்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் இருந்து எனக்கு போன் வந்தது. ‘ஜி.எச்.சில் போய்ப் படுத்துக்கொள், உன் மனைவி கழுத்தில் இருந்த 3 பவுன் செயினை அறுத்தார்கள் என்று எழுதிக் கொடு, அப்போதுதான் இறங்கி வருவார்கள்’ என்கிறார் மாமா. மனைவியோ ‘என் பேரை இழுக்காதீங்க’ என்று அழுகிறாள். கத்தாரில் வேலை முடிவாகி இருக்கிறது, பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் பரிசோதனை என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவே இல்லை. எதற்காக வேலூர் வந்தீர்களோ அதுவே மறந்துபோகும் அளவுக்கு இந்தச் சண்டை உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

மாமாவின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். செயின், ஜி.எச். படுக்கை இரண்டுமே வேண்டாம். மாமா உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், தெரிகிறது. ஊரில் பத்து பேரைக் கேட்டால் ஏழு பேர் இதையேதான் சொல்வார்கள். அவர்களில் யாரும் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லப்போவதில்லை. ஏறப்போவது நீங்கள், உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவி.

சில வருடங்களுக்கு முன்னால் கல்யாண மண்டப வாசலில் இரண்டு கார்கள் உரசிக்கொண்ட தகராறு ஒன்று என்னிடம் வந்தது. நான் ஆஜரானது அடித்தவருக்காக. அடிபட்டவரின் புகாரில், மனைவியின் 5 பவுன் செயினைப் பறித்ததாகவும் ஒரு வரி இருந்தது. அந்த அம்மா கூண்டில் நின்றார். செயின் எப்போது வாங்கியது, எந்தக் கடை, பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கூட்டுறவு வங்கியின் நகைக் கடன் ரசீதைக் காட்டினேன். சண்டைக்கு 4 மாதம் முன்பே அந்தச் செயின் அடகுக்குப் போயிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற கணவரைப் பார்த்தார். கை தானாகக் கழுத்துக்குப் போய், மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவர் கணவருக்கு அடி விழுந்தது நிஜம். அந்த நிஜமும் செயினோடு சேர்ந்து அன்றைக்கே போய்விட்டது. வழக்கில் ஜெயித்தேன். ஆனால் அந்த அம்மா நின்ற நிலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் மனைவியை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., நடப்பில் இருக்கிறது. செயின் பறிப்புக்கு அதில் 304 என்று தனிப் பிரிவே உண்டு, 3 ஆண்டு வரை சிறை. அப்படி ஒரு குற்றத்தைப் பொய்யாக ஒருவர் மேல் சுமத்தினால் பிரிவு 248 உங்கள் பக்கம் திரும்பும். அதற்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போலீஸுக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது பிரிவு 217, ஓராண்டு வரை. உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்த ஒரு அறைக்கு உரிய பிரிவு 115(2). அதற்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அறையை மறைக்க அதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்யச் சொல்கிறார் மாமா.

மனைவி கூட இருந்ததால், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் போடலாம் என்று அடுத்து யாராவது வந்து சொல்வார்கள். சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, 1998-ல் வந்த சட்டம் அது. காரை விட இடம் கிடைக்காத கோபத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

ஜி.எச். விஷயம். குடியாத்தமோ அடுக்கம்பாறையோ, அடிபட்டேன் என்று யார் போய்ச் சொன்னாலும் பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். என்று சொல்வது, ஒரு பதிவு போடுவார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று வந்தவர் சொன்னதை எழுதி, உடம்பில் கண்ட காயத்தையும் எழுதுவார். உங்கள் உடம்பில் காயம் இல்லை. ‘வெளிக்காயம் எதுவும் இல்லை’ என்ற வரியோடு ஒரு காகிதம் உருவாகும், அவ்வளவுதான். சண்டை நடந்து ஒரு வாரம் கழித்து வந்திருக்கிறார் என்பதும் அதிலேயே இருக்கும். கோர்ட்டில் அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். அந்தப் படுக்கை இன்னொரு நோயாளிக்கு வேண்டும் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எதிர்த்தரப்பு எழுதிய புகார் உங்களுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? அநேகமாக, ‘வழிமறித்து, அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார்’ என்று இருக்கும். எங்கள் மாவட்டத்தில் எந்த அடிதடிப் புகாரை எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. காரணம் இருக்கிறது. கையால் அடித்த சாதாரணக் காயம் மட்டும் என்றால், மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. வழிமறித்தல் 126(2), பொது இடத்தில் ஆபாச வார்த்தை 296(b) என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். அதற்காகத்தான் அந்த வரிசை.

அதில் 296(b) என்ற எண்ணை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம்தான், பார்க்கச் சின்னப் பிரிவு. ஆனால் அடித்ததற்கும் வழிமறித்ததற்கும் இரண்டு தரப்பும் சமாதானமாகி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, இந்தக் கெட்ட வார்த்தைப் பிரிவுக்குத் தரவில்லை. இருவரும் கைகுலுக்கிய பிறகும் இந்த ஒரு பிரிவுக்காக சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டியிருக்கும். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மஞ்சப்பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு வாய்தா வாய்தாவாக உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பெரிய குற்றம் செய்தவர்கள் இல்லை. ஆரம்பத்தில் ஒரு வாரத்தைத் தவறவிட்டவர்கள்.

உங்களுக்கு அந்த வாரம் இன்னும் கையில் இருக்கிறது. இப்போது இருப்பது சி.எஸ்.ஆர்.தான், புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை.

அதனால் என் யோசனை இதுதான். போய் அந்தப் பெரியவரைப் பாருங்கள்.

கசப்பாகத்தான் இருக்கும். தாயைச் சொன்னார், இடத்தைப் பிடுங்கினார், மகன் காரை உடைத்தான். அவ்வளவும் சரி. அவர் சொன்ன வார்த்தை திடீரென்று கோபத்தைத் தூண்டியது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால் 122(1)-ன் கீழ் தண்டனை ஒரு மாதம் அல்லது 5,000 ரூபாய் என்று குறையலாம். குறையும், இல்லாமல் போகாது. வாயால் சொன்னதற்குக் கையால் கொடுத்த பதில் தற்காப்பில் சேராது. அந்த இடம் யாருக்கு உரியது என்பதும் இனிமேல் பேச்சில் வராது. யார் கை முதலில் ஓங்கியது, விழுந்தது யார், தையல் யாருக்கு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இன்னொன்றையும் யோசித்தேன். 50 வயதைத் தாண்டியவர், அதே வெயிலில், அதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், அதே இடத்துக்காக அலைந்திருக்கிறார். அவர் வண்டியிலும் நோயாளி ஒருவர் இருந்திருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

எலும்பு முறிந்திருந்தால், அல்லது 15 நாள் கடும் வலியோடு முடங்கினால், அது கொடுங்காயம் ஆகி 7 ஆண்டு வரையிலான பிரிவுக்குப் போயிருக்கும். நெற்றி போய் மோதியது சிமென்ட் கட்டையில். இரண்டு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் கண். 3 தையலோடு போனதற்கு நீங்கள் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எப்படிப் போவது என்பது முக்கியம். நாலு கார் கட்டிக்கொண்டு, கட்சிக்காரரையோ கவுன்சிலரையோ முன்னால் விட்டுப் போகாதீர்கள். அது மன்னிப்புக் கேட்கப் போவதாகத் தெரியாது, மிரட்டப் போவதாகத் தெரியும், அப்படியே இன்னொரு புகாரும் ஆகும். மாமாவை இந்த முறை வீட்டில் விட்டுவிடுங்கள். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வழியாக முதலில் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் ‘வரட்டும்’ என்றால் நீங்களும் உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் மட்டும் போங்கள். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் ஸ்டேஷனிலேயே சந்திக்கலாம், தப்பில்லை. போனதும் ‘ஆனால்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நான் கை ஓங்கியது தப்புங்க ஐயா, மன்னிச்சிடுங்க’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் சொன்ன வார்த்தையைப் பற்றி அவரே பேசினால் பேசட்டும். பல நேரம் பேசுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், ஒருவர் இறங்கினால் அடுத்த பத்து நிமிடத்தில் மற்றவர் காபி போடச் சொல்வார்.

பணம்? தையல் போட்டதற்கும் மருந்துக்கும் ஆன பில்லை நீங்கள் கொடுப்பது நியாயம். பில்லை வாங்கிக்கொண்டு, முடிந்தால் ஜிபேயிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். உங்கள் கார் கண்ணாடிச் செலவை அவர்கள் தருவது நியாயம், இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று யாராவது நடுவில் நின்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது சமாதானம் இல்லை. ஒத்துப்போனால், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சோடு விட்டுவிட்டு வராதீர்கள்.

ஸ்டேஷனில் இருந்து வந்த போனுக்குப் பயந்து பெங்களூர்ப் பக்கம் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் மேலே சொன்ன 115(2), 126(2), 296(b) மூன்றும் ஜாமீனில் விடக்கூடியவை. கொலை மிரட்டல் பிரிவும் சேர்ந்திருந்தால் முதலில் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூப்பிட்ட நாளில், ஒரு வக்கீலையோ பெரியவரையோ கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். முறையான விசாரணைக்கு எழுத்தில் நோட்டீஸ் தருவார்கள், அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சமாதானம் ஆகவில்லை என்றால், அல்லது ஆகும் வரைக்கும்கூட, உங்கள் தரப்பில் ஒரு புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கார் உடைந்தது உண்மை, தாயைத் திட்டியது உண்மை. அதை எழுதுங்கள், சி.எஸ்.ஆர். வாங்குங்கள். ஒரே சம்பவத்துக்கு இரு பக்கமும் வழக்கு வந்தால், அதை வழக்கு, எதிர் வழக்கு என்போம். தமிழ்நாட்டில் அந்த இரண்டையும் ஒரே அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எதில் பொய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகாது. நாலு வரி உண்மையாக இருக்கும் புகார், நாலு பக்கம் ஜோடித்த புகாரை நிறுத்திவிடும்.

சேதம் எவ்வளவு என்பதில்கூட இதே விதிதான். மெக்கானிக் 8,500 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தால் 8,500 என்றே எழுதுங்கள். சேதம் 20,000 ரூபாயைத் தாண்டினால் தண்டனை 2 ஆண்டு வரை போகும் என்று தெரிந்தவர்கள் ‘40,000 என்று போடு’ என்பார்கள். கண்ணாடியின் விலை எல்லோருக்கும் தெரியும் தம்பி. இன்சூரன்சில் க்ளெய்ம் செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்குச் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் சலுகை கிடைக்கும், ஒரு க்ளெய்மில் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். ஒரு கண்ணாடிக்காக அதை விடலாமா என்பது உங்கள் கணக்கு.

ஆதாரங்களை இன்றைக்கே பாருங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். பார்க்கிங் டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டீர்களா? காரின் டேஷ்போர்டில் தேடுங்கள், நேரம் அச்சடித்திருக்கும். அங்கே சி.சி.டி.வி. இருந்தால் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலே புதுப் பதிவு ஏறிவிடும். அழிக்காமல் வைக்கச் சொல்லி குத்தகைதாரருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் புகாரிலும் ‘அந்தப் பதிவைக் கைப்பற்ற வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். அதில் நீங்கள் அடிப்பதும் இருக்கும், தெரியும். இருந்தாலும் கேளுங்கள். நீங்களாகவே அதைக் கேட்டீர்கள் என்பது உங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பைக் கொடுக்கும். அந்தப் பையனின் வீடியோ உங்கள் கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட. கோர்ட்டுக்கு வேண்டியது எடுத்த போனில் இருக்கும் மூலப் பதிவும் அதற்கான சான்றிதழும்தான். ஊர்க் குழுக்களுக்குப் போனால் யாரோ ஒருவர் மேலே ஒரு வரி எழுதிவிடுவார், அதில் சாதியோ மதமோ சேர்ந்துகொள்ளும், அதன் பிறகு இது உங்கள் இருவரின் கையிலும் இருக்காது.

கத்தார் வேலையைப் பற்றி. பாஸ்போர்ட் சட்டத்தில் தடை என்று சொல்வது, கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பதை. சி.எஸ்.ஆர். அதில் சேராது. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தாலே கோர்ட்டில் நிலுவை என்று ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்ட பிறகும்கூட, அந்தக் கோர்ட்டின் அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க வழி உண்டு. ஆகவே கதவு மூடிவிடவில்லை. ஆனால் போலீஸ் சரிபார்ப்புக்கு வரும்போதும், வேலைக்கு பி.சி.சி., அதாவது போலீஸ் நற்சான்றிதழ், கேட்கும்போதும் எஃப்.ஐ.ஆர். கண்ணில் படும், விளக்கம், அலைச்சல், தாமதம் எல்லாம் வரும். விண்ணப்பத்தில் மறைத்தால் அது தனிச் சிக்கல். செயின் பறிப்பு என்று நீங்கள் ஒன்று எழுத, அவர்கள் கொலை முயற்சி என்று ஒன்று எழுத, இரண்டு பக்கமும் ஏற்றிக்கொண்டே போனால் வேலையில் சேர வேண்டிய தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.

அடுத்த முறை அப்பாவைக் கூட்டி வரும்போது, அவர் உடம்பு தாங்கும் என்றால், குடியாத்தத்தில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் வாருங்கள். கத்திரி முடியும் வரைக்குமாவது அப்படிச் செய்யுங்கள். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், ஏசியை அணைத்த காரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த யாருக்கும் பொறுமை மிச்சம் இருக்காது. அதை உங்கள் தப்புக்குச் சாக்காகச் சொல்லவில்லை, திரும்ப அந்த நிலைக்கு வராமல் இருக்கச் சொல்கிறேன்.

இப்போது ஒரு தாளை எடுத்து, வண்டியை நிறுத்தப் போனதில் தொடங்கி, நடந்ததை வரிசையாக எழுதுங்கள். நீங்கள் கன்னத்தில் அடித்ததையும் எழுதுங்கள். வக்கீலிடம் காட்டுவதற்கு முன், மாமாவிடம் காட்டுவதற்கு முன், உங்கள் மனைவியிடம் படித்துக் காட்டுங்கள். அங்கே பக்கத்தில் நின்றவர் அவர். ‘ஆமா, இதுதான் நடந்தது’ என்று அவர் சொன்ன பிறகு கீழே கையெழுத்துப் போடுங்கள்.